பக்கத்து வீட்டுப் பாட்டியை யார் கூட்டிப் போவது?
பேரிடர் காலத் தன்னார்வலர்களின் வரலாறு



ஐப்பசி பிறந்துவிட்டால் நம்ம கடலோர ஊர்களில் எல்லார் காதும் வானிலைச் செய்தி பக்கமே இருக்கும். துறைமுகத்தில் எத்தனாம் நம்பர் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று விசாரிக்கிறோம். படகை மேட்டுக்கு இழுத்துக் கட்டுகிறார்கள். நாம் அரிசி, பருப்பு, மெழுகுவத்தி வாங்கி வைக்கிறோம், செல்போனுக்கு சார்ஜ் போடுகிறோம். ஆட்டோவில் மைக் கட்டி "தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் முகாமுக்குப் போங்க" என்று சொன்னால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பியும் விடுகிறோம்.

அதே தெருவில் படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டி எப்படிக் கிளம்புவார்? காது கேட்காத அண்ணனுக்கு ஆட்டோ மைக் எப்படிக் கேட்கும்? கால் நடக்க முடியாத தங்கச்சியை இடுப்பளவு தண்ணீரில் யார் தூக்குவது? "அவங்க வீட்டு ஆளுங்க பார்த்துப்பாங்க" என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வீட்டு ஆள் திருப்பூருக்கோ வெளிநாட்டுக்கோ வேலைக்குப் போயிருந்தால்?

இந்தக் கேள்வியை நமக்கு முன்னால் கேட்டவர்கள் இருக்கிறார்கள். நம்ம வங்காள விரிகுடாவின் வடக்குக் கரையில் 50 வருஷத்துக்கு மேலாக இதற்குப் பதில் தேடி வருகிறார்கள். நிறைய உயிர்களைப் பறிகொடுத்துத்தான் அவர்கள் கற்றுக்கொண்டார்கள். அந்த வரலாறு நமக்கும் வேண்டியது. அதில் பெரிய பங்கு நம்மைப் போன்ற சாதாரணப் பெண்களுடையது.

1970: செய்தி வந்தது, ஆள் வரவில்லை

1970 நவம்பர் 12 ராத்திரி, இன்று வங்கதேசமாக இருக்கும் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் ஒரு பெரும்புயல் கரையைக் கடந்தது. போலா என்ற தீவின் பெயரால் அதைப் போலா புயல் என்கிறார்கள். செத்தவர்கள் குறைந்தது 3 லட்சம் பேர். 5 லட்சம் வரை இருக்கலாம் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். உலக வரலாற்றில் இத்தனை உயிரைக் குடித்த புயல் வேறு இல்லை.

யாருக்கும் தெரியாமல் வந்த புயலா அது? இல்லை. பின்னால் ஆராய்ந்தவர்கள் கணக்குப் போட்டபோது, அந்தப் பகுதியில் 100க்கு 90 பேருக்குப் புயல் வரும் செய்தி தெரிந்திருந்தது. ஆனால் உறுதியான கட்டடத்துக்குப் போனவர்கள் 100க்கு 1 பேர்தான். ரேடியோ தன் வேலையைச் செய்தது. அந்தச் செய்தியை நம்பும்படி எடுத்துச் சொல்லவும், எங்கே போவது என்று காட்டவும், கூடவே கூட்டிப் போகவும் ஊருக்குள் ஆள் இல்லை.

புயலுக்குப் பிறகு மருத்துவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பார்த்தார்கள். பிழைத்தவர்கள் பலருக்கு நெஞ்சிலும் கைகளிலும் தோல் உரிந்து புண்ணாக இருந்தது. தண்ணீர் இழுத்துப் போகாமல் இருக்க மணிக்கணக்காக மரத்தைக் கட்டிப் பிடித்திருந்த காயம் அது. மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பலம் இருந்தவர்கள் பிழைத்தார்கள். பலம் இல்லாத சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும்தான் அதிகமாகச் செத்திருந்தார்கள். பெண்கள் ஆண்களைவிட அதிகம் செத்திருந்தார்கள். நல்ல திடமான ஆள் மட்டும் பிழைக்கிற ஏற்பாட்டை ஏற்பாடு என்றே சொல்ல முடியாது என்பதை அந்தப் புண்கள் காட்டின.

கொடியும் மெகாபோனும்

1971இல் வங்கதேசம் தனி நாடானது. அடுத்த வருஷமே, 1972இல், செஞ்சிலுவைச் சங்கமும் அந்த நாட்டு அரசும் சேர்ந்து புயல் முன்னேற்பாட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. கடலோரக் கிராமங்களிலிருந்து 20 ஆயிரத்துக்கு மேற்பட்ட தன்னார்வலர்களைச் சேர்த்தார்கள். சம்பளம் கிடையாது. விவசாயி, மீனவர், கடைக்காரர், வாத்தியார் என்று ஊர்க்காரர்களேதான் தன்னார்வலர்கள்.

2 ஆயிரம், 3 ஆயிரம் பேர் இருக்கிற பகுதிக்கு ஒரு குழு. குழுவுக்குள் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள்: எச்சரிக்கை சொல்ல சிலர், பாதுகாப்பு மையத்தைப் பார்த்துக்கொள்ள சிலர், மீட்க சிலர், முதலுதவிக்குச் சிலர், நிவாரணத்துக்குச் சிலர். கையில் ரேடியோ, மெகாபோன், கையால் சுற்றும் சைரன். படிக்கத் தெரியாதவருக்கும் புரிய வேண்டும் என்று கொடி ஏற்றினார்கள். கொடிகளின் எண்ணிக்கை கூடினால் ஆபத்து கூடுகிறது என்று அர்த்தம். 3 கொடி பறந்தால் உடனே கிளம்ப வேண்டும். நம்ம துறைமுகக் கூண்டு மாதிரிதான். ஆனால் கூண்டு துறைமுகத்தோடு நின்றுவிடும். இந்தக் கொடி ஒவ்வொரு ஊருக்குள்ளும் பறந்தது, கொடிக்குப் பின்னால் ஒரு ஆளும் வீட்டு வாசலுக்கு வந்தார்.

1991: வாசலில் நின்ற குரல்

திட்டம் தொடங்கி 19 வருஷம் கழித்து, 1991 ஏப்ரல் 29 அன்று, சிட்டகாங் கரையை இன்னொரு பெரும்புயல் தாக்கியது. ஏறக்குறைய 1 லட்சத்து 38 ஆயிரம் பேர் இறந்தார்கள். தன்னார்வலர்கள் இருந்தும், எச்சரிக்கை போயும் இத்தனை சாவு ஏன்?

ஆராய்ச்சியாளர்கள் புயல் பாதித்த வீடுகளில் கணக்கெடுத்தார்கள். கல், செங்கல் கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் எல்லோருமே பிழைத்திருந்தார்கள். போய்ச் சேராதவர்களில் 100க்கு 22 பேர் இறந்திருந்தார்கள். அப்படியானால் உயிருக்கும் சாவுக்கும் நடுவில் இருந்தது அந்தக் கட்டடத்துக்குப் போகும் வழிதான். அந்த வழியை யாரால் கடக்க முடியவில்லை? 10 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள், 40 வயதுக்கு மேற்பட்ட பெண்கள். இளம் வயதுப் பெண்களும் தப்பவில்லை. 20லிருந்து 44 வயதுக்குள் ஆயிரம் ஆண்களுக்கு 15 பேர் இறந்தார்கள் என்றால், அதே வயதில் ஆயிரம் பெண்களுக்கு 71 பேர் இறந்தார்கள்.

காரணம் கேட்டால் நமக்கு ஒன்றும் புதிதாக இருக்காது. புருஷன் வரட்டும், கேட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று காத்திருந்தார்கள். பிள்ளையை ஒரு கையில், மாமியாரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. ஆடு மாட்டை விட்டுவிட்டு வர மனசு வரவில்லை. புடவை தண்ணீரில் காலைச் சுற்றியது. பாதுகாப்பு மையத்தில் ஆணும் பெண்ணும் ஒரே கூடத்தில் நெருக்கியடித்து இருக்க வேண்டும், கழிப்பறை வசதி இல்லை, அங்கே எப்படிப் போவது என்ற தயக்கம்.

இன்னொன்றும் உண்டு. அன்று எச்சரிக்கை சொல்ல வந்த தன்னார்வலர்கள் பெரும்பாலும் ஆண்கள். அந்நிய ஆண் வீட்டுக்குள் நுழைய முடியாத ஊர்களில் அவர்கள் குரல் வாசலோடு நின்றது. உள் அறையில் படுத்திருந்த வயதான அம்மாவையும், வெளியே யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த ஊனமுற்ற பெண் பிள்ளையையும் அவர்கள் பார்க்கவே இல்லை.

பெண்கள் உள்ளே போனார்கள்

அதன் பிறகு மாற்றம் மெதுவாக வந்தது. முதலில் ஒரு குழுவுக்கு 2 பெண்கள் என்று சேர்த்தார்கள். பிறகு 5 ஆனது. இப்போது 20 பேர் கொண்ட குழுவில் 10 பேர் ஆண்கள், 10 பேர் பெண்கள். மொத்தத் தன்னார்வலர்கள் 76 ஆயிரம் பேர் அளவில் இருக்கிறார்கள். அதில் பாதி பெண்கள். பெண்களை இப்படிச் சரிபாதியாகக் கொண்டுவந்ததற்காக 2021இல் ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச்சேவை விருது அந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது.

விருதைவிடப் பெரிய விஷயம், பெண் தன்னார்வலர் வீட்டுக்குள் போக முடியும் என்பது. அடுப்படி வரைக்கும் போய் உட்கார்ந்து பேசலாம். மருமகள் நிறைமாதமா, மாமியாருக்குக் கண் தெரியவில்லையா, மூலையில் படுத்திருப்பது யார் என்றெல்லாம் தெரிந்துவிடும். "நான் எங்கயும் வரல, செத்தா இந்த வீட்டுலயே சாகறேன்" என்று அடம்பிடிக்கும் பெரியவரிடம் உட்கார்ந்து சமாதானம் சொல்ல நேரமும் பொறுமையும் வேண்டும். மெகாபோனால் அதைச் செய்ய முடியாது.

பலன் என்ன? 2007 நவம்பரில் சிடர் என்ற கடும்புயல் வங்கதேசத்தைத் தாக்கியபோது இறந்தவர்கள் 3,400 பேர் அளவில். 2020 மே மாதம், கொரோனா காலத்தில், ஆம்பன் புயல் வந்தது. முகக்கவசமும் இடைவெளியும் வேண்டும் என்ற நிலைமையிலும் 20 லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பாதுகாப்பு மையங்களுக்குக் கொண்டுபோனார்கள். அந்த நாட்டில் உயிரிழப்பு 30ஐத் தாண்டவில்லை. லட்சத்தில் இருந்த சாவு இரட்டை இலக்கத்துக்கு வந்ததற்கு நல்ல வானிலைக் கணிப்பும், நிறையக் கட்டடங்களும் காரணம். வாசலைத் தாண்டி உள்ளே போன கால்களும் காரணம்.

ஆற்றங்கரையில் ஒரு சுய உதவிக் குழு

வங்கதேசத்தின் வடக்கே காய்பாந்தா என்று ஒரு மாவட்டம். அங்கே கடல் இல்லை. பிரம்மபுத்திராவும் தீஸ்தாவும் வருஷா வருஷம் கரை மீறும். அங்கேயும் நம்ம மாதிரியே சுய உதவிக் குழுக்கள் உண்டு. ஆனால் அதில் உறுப்பினர்கள் எல்லோரும் மாற்றுத்திறனாளிகள். தொண்டு நிறுவனங்களின் துணையோடு 2009 வாக்கில் இந்த வேலை அங்கே தொடங்கியது.

அதுவரை வெள்ளம் வந்தால் மாற்றுத்திறனாளியை மற்றவர் தூக்கிப் போட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. இந்தக் குழுக்கள் அதை மாற்றின. வார்டு பேரிடர் குழுவில் மாற்றுத்திறனாளிகளே உறுப்பினராக உட்கார்ந்தார்கள். எந்த வீட்டில் யார் இருக்கிறார், அவருக்கு என்ன உதவி தேவை என்று வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். வீட்டு மனையை மண் போட்டு உயர்த்துவது, பாதுகாப்பு மையத்தில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் சாய்தளம் கட்டுவது, சக்கர நாற்காலியோடு ஏற வசதியான மீட்புப் படகு செய்வது என்று ஒவ்வொன்றாக நடந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சாய்தளம் எத்தனை சரிவாக இருந்தால் ஏற முடியும் என்பது சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். பார்வையில்லாதவரை எப்படிப் பிடித்துக் கூட்டிப் போவது என்பதை அவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உதவி வாங்குபவராக மட்டும் பார்க்கப்பட்டவர்கள் திட்டம் போடுபவராக வந்த பிறகுதான் திட்டம் சரியாக வந்தது.

யார் எந்த அறையில் தூங்குகிறார்?

வீடு வீடாகக் கணக்கெடுக்கும் இந்த வேலையைச் சட்டமாகவே கொண்டுவந்த நாடு ஜப்பான். அங்கே நிலநடுக்கம் அதிகம், வயதானவர்களும் அதிகம்.

1995 ஜனவரி 17, விடியற்காலை 5 மணி 46 நிமிடத்துக்கு கோபே நகரப் பகுதியில் பெரிய நிலநடுக்கம். 6 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நிலநடுக்கம் மையம் கொண்ட இடத்துக்குப் பக்கத்தில், அவாஜி தீவில், ஹொகுதான் என்ற சின்ன ஊர் இருந்தது. அங்கேயும் வீடுகள் இடிந்து ஏறக்குறைய 300 பேர் அடியில் மாட்டிக்கொண்டார்கள். ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் எல்லோரையும் தேடி எடுத்துவிட்டார்கள். வெளியூரிலிருந்து யாரும் வருவதற்கு முன்பே, ஊர்த் தன்னார்வத் தீயணைப்புக் குழுவும் அக்கம்பக்கத்தவர்களும் செய்த வேலை அது. எப்படி முடிந்தது? எந்த வீட்டில் எந்தத் தாத்தா எந்த அறையில் படுப்பார் என்று அவர்களுக்குத் தெரியும். நேராக அந்த இடத்தில் போய் ஓட்டையும் மரத்தையும் விலக்கினார்கள்.

2011 மார்ச் 11 அன்று வந்த சுனாமியில் ஜப்பான் இன்னொரு பாடம் படித்தது. இறந்தவர்களில் பாதிக்கும் மேல் 60 வயதைத் தாண்டியவர்கள். மாற்றுத்திறனாளிகள் மற்றவர்களைப்போல் இரண்டு மடங்கு விகிதத்தில் இறந்திருந்தார்கள். அதன் பிறகு 2013இல் சட்டத்தைத் திருத்தி, தானாக வெளியேற முடியாதவர்களின் பட்டியலை ஒவ்வொரு ஊராட்சியும் நகராட்சியும் கட்டாயம் எழுதி வைக்க வேண்டும் என்றார்கள். அவரவர் சம்மதம் வாங்கித்தான் அந்தப் பட்டியலை முன்கூட்டியே அக்கம்பக்கத்துக் குழுவிடம் கொடுக்கலாம். ஆபத்து வந்துவிட்டால் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

பெயர் எழுதினால் மட்டும் போதாது என்பதும் பிறகு புரிந்தது. 2021இல் மறுபடியும் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, யார் வந்து கூட்டிப் போவது, எங்கே போவது, எந்த வழியாகப் போவது என்று எழுதி வைக்க உள்ளாட்சிகள் முயல வேண்டும் என்றார்கள்.

உதவப் போனவர்களின் உயிர்

இந்த வரலாற்றில் வருத்தமான பக்கம் ஒன்றும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு "எல்லாரும் உதவ வாங்க" என்று கூப்பிடுவது நியாயம் இல்லை.

2011 சுனாமியில், வயதானவர்களைக் கூட்டி வரப் போன உதவியாளர்களும் ஜப்பானில் பலர் செத்தார்கள். அங்கே தெருவுக்குத் தெரு முதியவர்களை விசாரிக்கிற நலத் தொண்டர்கள் உண்டு. சம்பளம் இல்லாத வேலை. அவர்களில் 50க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தன்னார்வத் தீயணைப்புக் குழுக்களில் 250 பேர் அளவில் இறந்தார்கள். வங்கதேசத்திலும் ஆம்பன் புயலுக்கு எச்சரிக்கை சொல்லப் போன ஒரு தன்னார்வலர் படகு கவிழ்ந்து இறந்துபோனார்.

இதற்கு மருந்து, நேரத்தோடு கிளம்புவதுதான். 2013இல் ஐக்கிய நாடுகள் சபை 126 நாடுகளைச் சேர்ந்த 5 ஆயிரத்துக்கு மேற்பட்ட மாற்றுத்திறனாளிகளிடம் கேட்டது: "திடீர் என்று ஆபத்து வந்தால் உடனே சிரமமில்லாமல் வெளியேற முடியுமா?" 100க்கு 20 பேர்தான் முடியும் என்றார்கள். போதுமான நேரம் கொடுத்தால்? அந்த 20 பேர் 38 ஆனார்கள். வேறு எதையும் மாற்றாமல், முன்கூட்டிச் சொன்னதால் மட்டுமே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதே கணக்கெடுப்பில் 100க்கு 71 பேர் தங்களிடம் எந்த முன்னேற்பாடும் இல்லை என்றார்கள்.

அதனால் நடக்க முடியாதவர்களை முதலில் அனுப்ப வேண்டும். ஊரெல்லாம் கிளம்பிய பிறகு கடைசியாக அவர்களைத் தூக்க ஓடினால் அவர்கள் உயிரும் போகும், தூக்கப் போனவர் உயிரும் போகும். முதல் எச்சரிக்கையிலேயே, மழை ஆரம்பிக்கும் முன்பே, வெளிச்சம் இருக்கும்போதே அவர்கள் கிளம்பிவிட வேண்டும்.

நம்ம கடற்கரை

நமக்கும் இந்தக் கடல் நிறையச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி போனது. 1977 நவம்பர் 12 அன்று நாகப்பட்டினத்துப் பக்கம் கரை கடந்த புயலில் 500க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரத்துக்கு மேல் இழந்தோம். அதிலும் பெண்கள்தான் அதிகம். கடலூர் மாவட்டத்துக் கணக்கு ஒன்றில் இறந்த ஆண்கள் 146 பேர், பெண்கள் 391 பேர்.

அதே சுனாமி நாளில் புதுச்சேரி நல்லவாடு கிராமத்தில் நடந்தது வேறு. அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் கிராம அறிவு மையம் இருந்தது. அலை எப்படி இருக்கும் என்பதைத் தினமும் ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொல்வார்கள். சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் டிவியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். ஊர்க்காரர்கள் அந்த ஒலிபெருக்கியில் "எல்லாரும் ஓடுங்க" என்று அறிவித்தார்கள். ஏறக்குறைய 3,600 பேர் தப்பினார்கள். தினமும் புழக்கத்தில் இருந்த ஒலிபெருக்கி என்பதால்தான் அந்த நிமிஷத்தில் அது கைகொடுத்தது, ஜனங்களும் நம்பினார்கள்.

நம்ம வாராந்திரக் கூட்டமும் அப்படிப்பட்டதுதான். 1989இல் தருமபுரி மாவட்டத்தில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியபோது சேமிப்பும் கடனும்தான் பேச்சு. இன்று எந்த வீட்டில் யாருக்கு உடம்பு முடியவில்லை, யார் பையன் வெளியூர் போயிருக்கிறான் என்பது தாசில்தார் ஆபீசுக்குத் தெரியாது, குழுக் கூட்டத்துக்குத் தெரியும். ஹொகுதான் ஊர்க்காரர்களிடம் இருந்த அதே அறிவு நம்மிடமும் இருக்கிறது.

அரசும் சில ஏற்பாடுகளைச் செய்திருக்கிறது. கடலோரத்தில் பல்நோக்குப் பாதுகாப்பு மையங்கள் கட்டப்பட்டிருக்கின்றன. பாதிக்கப்படக்கூடிய பகுதிகளில் முதல்நிலை மீட்பாளர்கள் என்று 30 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்க்காரர்களின் பெயர் பட்டியலில் இருக்கிறது. ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பெண். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடக்கும் முன்பே 80 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் முகாம்களுக்குப் போயிருந்தார்கள்.

சட்டம் சொல்வது

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. அதன் 8ஆம் பிரிவு, பேரிடர் நேரத்தில் மற்றவர்களுக்கு உள்ள அதே பாதுகாப்பு மாற்றுத்திறனாளிகளுக்கும் உண்டு என்கிறது. கலெக்டர் தலைமையில் இருக்கிற மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம், மாவட்டத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரத்தைப் பதிவேடாக வைத்திருக்க வேண்டும், ஆபத்து பற்றி அவர்களுக்குத் தகவல் போய்ச் சேர ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே இதை நாம் கேட்பது சலுகை கேட்பதாகாது. கிராம சபையில் எழுந்து, "நம்ம ஊர்ப் பெயர்கள் அந்தப் பதிவேட்டில் ஏறியிருக்கா?" என்று தாராளமாகக் கேட்கலாம்.

ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. அடையாள அட்டை இல்லாதவர் பெயர் பதிவேட்டில் ஏறாமல் போகலாம். முழங்கால் வலியில் நாலு அடி நடக்க முடியாத பாட்டிக்கு அட்டை கிடையாது. மறதி நோய் வந்த தாத்தாவுக்கும் பெரும்பாலும் இருக்காது. போன மாதம் ஆபரேஷன் செய்து படுத்திருப்பவரும் அதில் வரமாட்டார். இவர்கள் பெயர் இருக்கக்கூடிய ஒரே இடம் நம்ம குழு நோட்டுதான்.

ஒரு நோட்டு, இரண்டு பெயர்

இத்தனை நாட்டு அனுபவத்தையும் பிழிந்து எடுத்தால் நம்ம குழு செய்யக்கூடியது இதுதான். வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசி மாதத்துக் கூட்டம் ஒன்றில் ஒரு மணி நேரம் ஒதுக்குவோம்.

நம்ம தெருவில் தானாகக் கிளம்ப முடியாதவர்கள் யார் யார் என்று நோட்டில் எழுதுவோம். அதற்கு முன் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சம்மதம் கேட்போம். சிலர் "நான் யாருக்கும் பாரமா இருக்க விரும்பல" என்பார்கள். "பாட்டி, நீங்க முன்னாடியே கிளம்பினா எங்களுக்குத்தான் சுலபம்" என்று சொல்லிப் பாருங்கள். தனியாக இருக்கும் பெண்ணின் விவரம் கண்டவர் கையில் போகக் கூடாது. நோட்டு தலைவி, செயலாளர் கையை விட்டுப் போக வேண்டாம்.

ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் இரண்டு பெயர் எழுதுவோம். முதல் ஆள் ஊரில் இல்லையென்றால் இரண்டாம் ஆள். "எல்லாரும் பார்த்துக்கலாம்" என்று விட்டால் யாரும் போக மாட்டோம். அந்த இரண்டு பேரும் அந்த வீட்டிலிருந்து மையம் வரை ஒருமுறை அவரோடு போய்ப் பார்க்க வேண்டும். எத்தனை நேரம் ஆகிறது, எங்கே படி இருக்கிறது, ஆட்டோ எதுவரை வரும் என்பது அப்போதுதான் தெரியும். மையத்தில் சாய்தளமும் உட்கார்ந்து போகும் கழிப்பறையும் இல்லையென்றால் இப்போதே மனு கொடுக்கலாம். புயல் அன்று கேட்டுப் பயன் இல்லை.

என்ன உதவி வேண்டும் என்பதை அவரிடமே கேட்போம். காது கேட்காதவருக்குக் கதவைத் தட்டினால் போதாது. உள்ளே போய்த் தோளைத் தொட்டு, சைகையாலோ எழுதியோ சொல்ல வேண்டும். பார்வையில்லாதவரை இழுத்துக்கொண்டு போகாமல், அவர் நம்ம முழங்கையைப் பிடித்துக்கொண்டு வரும்படி நாம் முன்னால் நடக்க வேண்டும். நடக்கவே முடியாதவரைக் கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு மூன்று பேர் தூக்கலாம்.

ஒரு பையும் தயாராக இருக்கட்டும். ஒரு வாரத்துக்கான சுகர், பிரஷர் மாத்திரை, மருந்துச் சீட்டு, மூக்குக்கண்ணாடி, காது மெஷினின் பேட்டரி, மாற்றுத் துணி, உதவித்தொகை வரும் பேங்க் பாஸ்புக், ஆதார், ரேஷன் கார்டு, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எல்லாம் பிளாஸ்டிக் கவரில். கைத்தடியையும் சக்கர நாற்காலியையும் வீட்டில் விட்டுவிட்டு ஆளை மட்டும் தூக்கி வந்தால், முகாமில் அவர் ஒரே இடத்தில் கிடக்க வேண்டியதாகிவிடும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில எண் 1070. இரண்டையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

நோட்டை வருஷத்துக்கு ஒருமுறை திருத்த வேண்டும். போன வருஷம் இருந்தவர் இன்று இல்லாமல் போயிருக்கலாம். போன வருஷம் துணைக்குப் போகிறேன் என்று பெயர் கொடுத்தவருக்கே இந்த வருஷம் துணை தேவைப்படலாம். நாமும் ஒருநாள் அந்தப் பட்டியலில் வரப்போகிறவர்கள்தானே.

போலாவில் 100க்கு 90 பேருக்குச் செய்தி தெரிந்திருந்தது என்பதை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். இன்று நம் எல்லார் செல்போனுக்கும் செய்தி வந்துவிடுகிறது. நடக்க முடியாதவரின் வீட்டுக் கதவைத் தட்டப்போவது யார் என்பதை மட்டும் நாம்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த மலரைப் படித்து முடித்ததும், உங்கள் தெருவில் அப்படிப்பட்டவர்கள் 3 பேரின் பெயரை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தப் பெயர்களிலிருந்தே தொடங்கலாம்.